மாற்றப்படாத பெட்ரோல் பம்ப்

12 மார்ச் 1958, புதன்

மனைவி சிவகாமியை ஊசிக்கு அழைத்துப் போகும்போது கார் இன்றும் தெங்கேரா சாலையில் நின்றுவிட்டது. ரிக்‌ஷா பிடித்துப் போவதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டார்.

இந்த வகைக் காரின் பெட்ரோல் பம்பில் கோளாறு, கொண்டு வந்தால் மாற்றித் தருகிறோம் என்று கம்பெனியே கடிதம் போட்டிருந்தது. ஒர்க்‌ஷாப் முத்து என் பழைய மாணவன். மூன்று முறை காரை வாங்கி வைத்து, "ஆச்சு சார்" என்று திருப்பித் தந்தான். இன்று பானெட்டைத் திறக்கச் சொன்னேன். பழைய பம்ப்தான் இருந்தது.

"சாமான் சிங்கப்பூர்லேருந்து வரவே இல்ல சார். உங்க முகத்தப் பாத்து இல்லேன்னு சொல்ல வாய் வரல."

"அதுக்குக் காரைக் கழுவிக் குடுத்தியா?"

"மெழுகும் போட்டேன் சார்."

சிவகாமி இனி அந்தக் காரில் ஏறமாட்டாளாம். எனக்குக் கோபம் வரவில்லை. முப்பது வருடம் கணக்குப் பாடம் முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் "புரிஞ்சது சார்" என்றது. அதில் எத்தனை பேருக்கு...