உருளை மேல் வைத்த அம்மன்

பாலத்தடி, போடி வழி
7-4-2025

அன்பு மகள் கற்பகத்துக்கு அப்பா எழுதுவது.

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள் ஆத்தா. 'ழ' போடும்போது பேனா எங்கேயோ ஓடிவிடுகிறது. காலையில் உட்கார்ந்தவன், இரண்டு காப்பி குடித்தும் பாதிப் பக்கம்தான் ஆகியிருக்கிறது. எழுதப் படிக்கச் சொல்லித்தரும் சாயங்கால வகுப்பில் யாருக்காவது கடிதம் எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் கலெக்டருக்கு எழுதினார்கள். நான் உனக்கு எழுதுகிறேன். போனில் பேசினால் உன் மலையில் டவர் போய்விடுகிறது. ஜீப் ஓட்டும் சுடலையிடம் கொடுத்துவிட்டால் முழுதாக வந்து சேரும்.

ஒரு சந்தோஷம் சொல்கிறேன். நம் இரும்புப் பாலத்தில் ஒவ்வொரு சட்டத்திலும் எண் வெட்டியிருக்கிறது. இத்தனை காலம் அதைத் துரு என்று நினைத்திருந்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் சட்டங்கள் ரயிலில் போடிக்கு வந்து, மாட்டு வண்டியில் இங்கே சேர்ந்தனவாம். எண் பார்த்துத்தான் பொருத்தினார்களாம். நான் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை வாசித்துக்கொண்டே போனேன். சுடலை ஹாரன் அடித்து, "அண்ணே, பாலத்தையே பாடமா படிக்கிறீக?" என்று கேலி செய்தான்.

சந்தோஷம் அவ்வளவுதான். பாலத்தைப் பார்க்க ஜோதி என்று ஒரு இன்ஜினியர் அம்மா வந்தார்கள். உன் அம்மா வைத்த அம்மன் பீடத்துக்குப் பக்கத்தில் குனிந்தவர்கள் நெடுநேரம் நிமிரவே இல்லை.

"ஐயா, இரும்பு வெயில்ல நீளும், குளிர்ல சுருங்கும். அந்தக் கரையில பாலத்தைப் பூட்டி வச்சிருக்காங்க. இந்தக் கரையில உருளை மேல உக்கார வச்சிருக்காங்க, முன்னபின்ன நகரட்டும்னு. நீங்க உருளையச் சுத்தி சிமெண்ட்டு போட்டு அடச்சிட்டீங்க. நீள எடமில்லாம அது கரைக்கல்லைத் தள்ளுது."

நமக்கு அது உருளை என்று யார் சொன்னார்கள்? கல்லுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு மாடம் போல இருந்தது. நீ முதன்முதல் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிய அன்று, உன்னைக் காக்கச் சொல்லி அம்மா அங்கே அம்மனை வைத்தாள். அம்மன் ஆடாமல் இருக்கட்டும் என்று சிமெண்ட்டும் பூசினோம். உச்சி வெயிலில் பாலம் முனகுவதை ஆத்தா பேசுகிறாள் என்று கும்பிட்டோம்.

இப்போது அந்தச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கரைக்கல்லைப் பார்க்கிறேன். உடைக்க வந்த ஆட்களை ஊரார் விடவில்லை. வைத்த வீடுதான் எடுக்க வேண்டும், யாருக்காக வைத்ததோ அவளும் சம்மதிக்க வேண்டும் என்கிறார்கள். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது.

உன் அப்பா
கன்னையன்

*

ஏலத்தோட்ட லயம்
10-4-2025

அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். லயத்து வீடுகளில் எல்லாருக்கும் காட்டினேன். பிறகு வாசித்தேன். ஏன் வாசித்தோம் என்று ஆகிவிட்டது.

அம்மா போய் ஒரு வருஷம் ஆகவில்லை. அவள் கையால் வைத்தது அது ஒன்றுதான் மிச்சம். அது இருக்கும் தைரியத்தில்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வருகிறேன். எங்கள் கங்காணி "பேடிக்கண்டா" என்று சிரிக்கிறார். மலையாளத்தில் பயப்படாதே என்று அர்த்தம். நீங்களும் பயப்படாதீர்கள். அத்தனை வருஷம் நின்ற பாலம் இப்போதா விழப்போகிறது?

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

கற்பகம்

*

பாலத்தடி
14-4-2025

அன்பு கற்பகம்,

சனிக்கிழமை நீ வந்தாய், சோறு ஆக்கினாய், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ வந்த ஜீப் பாலத்தில் ஏறியபோது நான் பீடத்தருகே நின்றேன். உள்ளே ஆள், மேலே மூட்டை, பின்படியில் நீ ஒரு கையால் தொங்கிக்கொண்டு வந்தாய். உச்சி நேரம். பாலம் முனகியது. என் காலடியில் ஏதோ விழுந்தது. குனிந்து எடுத்தால் ஆணித்தலை. சட்டங்களைக் கோத்திருக்கும் ஆணி, கற்பகம். கையைச் சுட்டது. கரைக்கல்லில் வெடிப்பு விட்டிருக்கிறது, என் விரல் உள்ளே போகிறது. நீ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாய்.

இந்தப் பாலம் முக்கோணம் முக்கோணமாகக் கோத்தது. ஒன்று விட்டுவிட்டால் அதன் பாரத்தை அடுத்தது சுமக்க வேண்டும், அதுவும் விட்டால் அதற்கடுத்தது. ஜோதி அம்மா சொன்னதிலிருந்து என்னால் கண் மூட முடியவில்லை. எல்லாரும் இறங்கி நடந்து வாருங்கள், ஜீப் வெறுமனே வரட்டும் என்றால், "வெரசா போகணும்ணே, மழை வருது" என்கிறான் சுடலை. பக்கத்து வீட்டு மொக்கம்மாள், "நாலெழுத்து படிச்சதும் ஆத்தாவையே காலி பண்ணச் சொல்றாரு" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

எனக்கு ஆத்தா மேலும் பயம்தான். அம்மா கனவில் வந்து கேட்டால் என்ன சொல்வேன்? ஆனாலும் கேட்கிறேன், சரி என்று சொல்லு.

அப்பா

*

ஏலத்தோட்ட லயம்
20-4-2025

அப்பாவுக்கு,

சரி என்று சொல்ல மாட்டேன். அம்மா எனக்காக வைத்ததை நீங்கள் எடுத்தால், அந்தப் பாலத்தில் நான் கால் வைக்க மாட்டேன். இனிமேல் இதைப் பற்றி எழுத வேண்டாம்.

கற்பகம்

*

பாலத்தடி
27-4-2025

அன்பு மகளுக்கு,

எடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன் குளித்துவிட்டுப் போனேன். அம்மனை இடம் மாற்றும்போது எடுக்கிற பிடிமண்ணைப் பீடத்திலிருந்து எடுத்து அம்மாவின் செம்பில் போட்டு, கரைமேல் புங்கமரத்தடியில் ஆத்தாளை இறக்கி வைத்தேன். சூடம் காட்டும்போது தீக்குச்சி மூன்று முறை அணைந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மகள் சம்மதம் எங்கே என்று மொக்கம்மாள் கேட்டாள்; பாவம் வந்தால் எனக்கே வரட்டும் என்றேன். வைத்த வீட்டு ஆள் நான் என்பதால் முதல் உளி நான் வைத்தேன். மிச்சத்தை ஜோதி அம்மாவின் ஆட்கள் செதுக்கினார்கள்.

கடைசிச் சில்லு பெயர்ந்ததும் பாலம் ஒரு சத்தம் போட்டது பார், இதுவரை அப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கண் திறந்தபோது பாலம் நின்றது. உருளை மட்டும் நகர்ந்திருந்தது. துரு இல்லாத இரும்பு ஒரு விரற்கடை பளிச்சென்று தெரிந்தது.

அன்றிலிருந்து உச்சி வெயிலில் முனகல் இல்லை. அந்த அமைதியும் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அம்மா பேசிக்கொண்டிருந்ததை நானே நிறுத்திவிட்டேனோ என்று தோன்றுகிறது. கரைக்கல்லையும் ஆணிகளையும் சரி செய்யும்வரை எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். நடக்கிறார்கள். புங்கமரத்தில் கும்பிட நிற்பதால் இறங்கித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

நேற்று ஜீப் வந்தது. பாலத்தில் நடந்து வந்தவர்களை முகம் முகமாகப் பார்த்தேன். நீ இல்லை. "மக வரலண்ணே. கோவமா இருக்கு. மத்தபடி நல்லாத்தேன் இருக்கு" என்றான் சுடலை.

நல்லாத்தான் இருக்கிறாய். எனக்கு அது போதும் ஆத்தா. இருந்து கோபப்படு, எத்தனை நாள் வேண்டுமானாலும்.

செம்பை விளக்கி உன் அலமாரியில் வைத்திருக்கிறேன். 'ழ' இன்னும் எனக்குக் கட்டுப்படவில்லை. நீ பதில் போடாவிட்டாலும், வரும் வாரம் சுடலை மலைக்கு ஏறும்போது அவன் பையில் என் கடிதம் ஒன்று இருக்கும்.

உன் அப்பா
கன்னையன்