சூடுபட்ட சீனிக் கண்ணாடி

அன்புள்ள உமையாளுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

நேற்று ஆய்வகத்துக்கு ஒரு பேராசிரியை வந்திருந்தார். சீனிப்பாகில் நான் சாயம் கலந்து உறையவைக்கும் கண்ணாடி, விளக்கை அணைத்த பின்னும் பச்சையாக ஒளிரும், சூடுபட்டால் ஒளிராது. எங்கள் தலைவர் கார்த்திகேயன் அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டே பேசினார். விளக்கை அணைத்தால் ஒரே இருட்டு.

"என்ன அண்ணே, நாம செஞ்சது இப்படி அணைஞ்சிருச்சே?" என்றார் என்னிடம்.

பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து வேறொரு துண்டை எடுத்துக் காட்டினேன். அழகாக ஒளிர்ந்தது.

"யாரு செஞ்சது?" என்றார் பேராசிரியை.

"நான்தான்லா," என்றார் கார்த்திகேயன்.

அணைந்தால் நாம், ஒளிர்ந்தால் நான் என்பது அவருடைய பழைய இலக்கணம். என் வேலையை நீட்டிக்க அவர் கையெழுத்து வேண்டும்; அவரைத் திருத்தாமல் படிவத்தை நீட்டினேன். போட்டுவிட்டார். தீபாவளிக்கு வர இயலாது.

இனிக் குளிர் அறையில்தான் வேலை. நீ தூங்கும்போது போட்டுக்கொள்ளும் என் கம்பளித் தொப்பியை அனுப்பு. துவைக்காதே. என் அறைக்குப் போகும் பாயான் பாரு பஸ் வந்துவிட்டது.

அண்ணாமலை