சின்ன மணி இன்னும் வரவில்லை

சனிக்கிழமை மதியம்

அன்புத் தம்பி ஹினெக்குக்கு,

அக்கா மிலாடா எழுதுவது. என் குரலைக் கேட்டாலே தொலைபேசியை வைத்துவிடுகிறாய். பேருந்து ஓட்டும் ராடிம் இன்று ஹாம்பர்க் கிளம்புகிறான்; அவன் கையில் கொடுத்தால் வாங்கித்தானே ஆக வேண்டும்?

அப்பாவுக்கு முடியவில்லை. மருத்துவர் கையை விரித்துவிட்டார். சூப்புகூட இறங்கவில்லை, ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. பெரிய வியாழனன்று, சின்ன வயதில் நமக்குச் சொன்ன கதைப்படி, கோயில் மணிகளெல்லாம் ரோமாபுரிக்குப் பறந்து போய்விட்டன. இன்றிரவு ஈஸ்டர் பூசைக்குத் திரும்பும்வரை எந்த மணியும் அடிக்காது; யாராவது இறந்தால் அடிக்கும் சாவு மணிகூடக் கிடையாது. வழக்கம்போல் மணிக்குப் பதிலாகப் பிள்ளைகள் மரக் கிலுகிலுப்பையோடு தெருவில் வந்தார்கள். "என்னடி, கிலுகிலுப்பைய ஆட்டியே என்னை அனுப்பிடலாம்னு பாக்கறியா? மணி திரும்பாம நான் நகரமாட்டேன்" என்றார். சிரித்துவிட்டு, சமையலறைக்குப் போய் அழுதேன்.

நேற்று காய்ச்சல் ஏறியதும் சின்னப் பிள்ளையாகிவிட்டார். "மணி நெசமாவே போயிடுச்சா? ஏறிப் பாத்துட்டு வா" என்று ஒரே பிடிவாதம். போனேன். பீடத் துணியெல்லாம் எடுத்துவிட்டதால் கோயில் வெறிச்சென்று கிடந்தது. அந்தக் கூரிய வளைவுகளுக்குக் கீழே என் செருப்புச் சத்தம் எனக்கே பிடிக்கவில்லை. பழைய மணிக்கூண்டின் மேல் பிற்பாடு வைத்த வெங்காய வடிவக் கூரையைப் பார்த்து, "கிழவன் தலையில புதுப்பொண்ணு தொப்பி" என்று அப்பா கேலி செய்வாரே, நினைவிருக்கிறதா? ஏறிப் பார்த்தால், கயிறுகளைச் சுருட்டிக் கட்டியபடி எல்லாம் அங்கேதான் தொங்கின. ஓரத்தில் அந்தச் சின்னச் சாவு மணியும். தொட்டேன். சில்லென்றிருந்தது.

"கூண்டு காலிப்பா, ஒண்ணுகூட இல்ல" என்று வந்து சொன்னேன். புனித வெள்ளியும் அதுவுமாகப் பொய். "அப்பாடா, அப்போ நேரமிருக்கு" என்றார். பிறகு கண்ணைத் திறக்காமலே, "ஹாம்பர்க்லயும் மணி போயிருக்குமா?" என்று கேட்டார். உன் கல்யாணத்துக்குப் பிறகு உன் ஊர்ப்பெயரைக்கூட வாயில் எடுக்காத மனிதர், ஹினெக்.

விவாகரத்தானவள் என்று நீ கட்டிய ஹனாவை அவர் பேசிய பேச்சுக்கு நான் பரிந்துகொண்டு வரவில்லை. அவளையும் கூட்டிவா. வாசலில் நான் நிற்கிறேன்.

இன்றிரவுப் பூசையில் எல்லா மணியும் அடிக்கும். எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சன்னல் இடுக்கில் துணியைத் திணிக்கிறேன், எடுக்கிறேன், மறுபடி திணிக்கிறேன். தெருவுக்கு அந்தப் பக்கம்தானே கூண்டு, கேட்காமலா போகும்? கேட்டாரென்றால், பெரிய மணிகள்தான் வந்திருக்கின்றன, சாவு மணி வழியில் எங்கோ தங்கிவிட்டது என்று சொல்லப் போகிறேன்.

ராடிமின் பேருந்து திங்களன்று திரும்புகிறது. மாதா உங்கள் இருவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அதுவரை சின்ன மணியை நான் ரோமாபுரியிலேயே நிறுத்தி வைக்கிறேன். அதற்கு மேல் என்னால் முடியாதடா.

உன் அக்கா,
மிலாடா