எடை நாளும் தையல்காரி மகளின் கவுனும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பாவும் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை என்று தெருவில் போகிறவரிடமெல்லாம் அவரே சொல்லிவிடுகிறார், நான் தனியாக எழுத வேண்டியதில்லை. நீயும் உன் ஏழு மாத வயிறும் மாப்பிள்ளையும் சுகம்தானே? கர்ப்பிணிகளுக்கான அரசு உதவிக்குப் பெயர் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது என்று போனில் சொன்னாயே, அன்றைக்கே திட்டியிருப்பேன், ஆனால் இங்கே ஒரு கூத்து நடந்தது, அதைச் சொன்னால் திட்டுகிற வேலை மிச்சம்.

நான் வேலை பார்க்கும் குழந்தைகள் மையத்தில் மாதம் ஒரு நாள் எடை பார்ப்பது உனக்குத் தெரியும், எடை குறைந்த பிள்ளைகளுக்கு அரசாங்கம் கூடுதலாகச் சத்துமாவும் பால்பவுடரும் தருகிறது. போன வருஷம் நான் பெரிய புத்திசாலி மாதிரி ஒரு அட்டை செய்து சுவரில் ஒட்டினேன், நல்ல எடைக்குப் பச்சை, குறைந்தால் மஞ்சள், ரொம்பக் குறைந்தால் சிவப்பு, ஒவ்வொன்றிலும் பிள்ளைகளின் போட்டோ. மேற்பார்வை அம்மா அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார், எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் மாடியில் திரைச்சீலை தைக்கிறாளே, அவளுடைய வாலுப் பெண் எப்போதும் சிவப்பில்தான். திடீரென்று ஒரு மாதம் பச்சை, அடுத்த மாதமும் பச்சை. நானே கைதட்டி போட்டோவை மாற்றி ஒட்டினேன், கூடுதல் மாவையும் நிறுத்தினேன். பிள்ளையோ விளையாடாமல் மூலையில் சாய்ந்தே கிடந்தாள், எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

மூன்றாம் மாத எடை நாளில் அவளைத் தூக்கும்போது கவுன் ஓரம் என் கணுக்காலில் பட்டது, உயிர் போய்விட்டது. பிரித்துப் பார்த்தால் திரைச்சீலை காற்றில் பறக்காமலிருக்க உள்ளே வைத்துத் தைக்கிற இரும்பு உருண்டைகள், இருபத்தேழு, கிட்டத்தட்ட அரைக் கிலோ. தையல்காரி அழவில்லை, கோபப்பட்டாள். சிவப்பைப் பார்த்துவிட்டு வீட்டில் சோறு போடுறியா இல்லையான்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க, நீங்கதானேக்கா ஒட்டினீங்க என்றாள். ரெண்டு மாதம் அந்தப் பிள்ளை வாயில் மண்ணைப் போட்டது நான்தானே. அட்டையைக் கிழித்தேன், பதிவேட்டில் தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. மேற்பார்வை அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனாலும் ரெண்டே நாளில் மாவு வந்துவிட்டது.

நேற்று மறுபடி எடை பார்த்தோம். தையல்காரி தானே பிள்ளையின் கவுனைக் கழற்றி, கைவளையலையும் கழற்றி, அவளைத் தராசில் வைத்தாள். முந்நூறு கிராம் கூடியிருந்தது. தேற இன்னும் எவ்வளவோ இருக்கிறது. இது மொத்தமும் அவளோடதுதானேக்கா என்று ரெண்டு தரம் கேட்டாள். ஆமாம் என்று சொல்வதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ராத்திரி கண் விழிக்காதே, மாத்திரையை மறக்காதே. நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, பிள்ளையும் நீயும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை கட்டாயம் போய்ப் பெயர் கொடு. அந்தக் கூச்சம் நீ பிறக்கும்போது கொண்டுவந்தது இல்லையடி, என்னை மாதிரி யாரோ ஒருத்தி நல்லது செய்வதாக நினைத்துச் சுவரில் ஒட்டிவைத்தது.

இப்படிக்கு,
அட்டையைக் கிழித்த
உன் அம்மா