அடுப்பிலிருந்து தள்ளி

ஜனவரி 9, வியாழன்

குழந்தை வேண்டிப் புது டாக்டரம்மாவைப் பார்த்தோம். என் மனைவியைத்தான் கேள்வி கேட்பார் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் திரும்பிவிட்டார். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" பேக்கரியில் ரொட்டி சுடுகிறேன் என்றேன். "நாள் பூரா அடுப்பு முன்னாடியா? இடுப்புக்குக் கீழ அவ்வளவு சூடு ஆகாதே!" மனைவி சிரிப்பை மறைக்கக் கைப்பைக்குள் எதையோ தேடினாள்.

விந்துப் பரிசோதனை முடிவு: எண்ணிக்கை குறைவு, சுறுசுறுப்பு போதாது. பள்ளிக்கூடத்திலும் எனக்கு இதையேதான் எழுதினார்கள்.

சிகரெட்டை விட வேண்டும், இனிப்பைக் குறைக்க வேண்டும், இருவரும் தினமும் நடக்க வேண்டும். அவளுக்கு ஃபோலிக் மாத்திரை. காபி ஒரு கப்போடு சரி. மூன்று மாதமாவது பொறுக்கச் சொன்னார்.

ஜனவரி 12, ஞாயிறு

சிகரெட் இல்லை. கதவோடு சண்டை போட்டேன். கதவு ஜெயித்தது.

ஜனவரி 20, திங்கள்

கேக் அலங்கரிக்கும் மேசைக்கு மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். ஏன் என்றார். முழங்கால் வலி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். மதியத்துக்குள் கடையே என் முழங்காலுக்காக உருகியது. மேசை கிடைத்தது, முதலாளியம்மா தைலமும் கொடுத்தார். அடுப்பில் என்னோடு நின்றவன் மட்டும் — ஓயாமல் புகைப்பதால் அவனுக்கு ஊதுகுழல் என்று பெயர் — என்னை மேலும் கீழும் பார்த்தான். "காலையில இடது காலை நொண்டின, இப்ப வலது காலா?"

பிப்ரவரி 2, ஞாயிறு

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சி காரில் அவள் காலடியில் ஒரு தனி பிரேக் உண்டு. வீட்டிலும் அப்படித்தான், நான் பிஸ்கட் டப்பாவைத் தொட்டால் போதும், அடுத்த அறையிலிருந்து அழுத்திவிடுவாள்.

இன்று கையும் களவுமாகப் பிடித்தேன். தெருமுனையில் கார் நிற்கிறது, உள்ளே இரண்டாவது காபி!

"வேவு பார்க்க வந்தீங்களா?"

"நடக்க வந்தேன். டாக்டர் சொன்னாங்கல்ல?"

மீதியை என்னிடம் நீட்டினாள். குடித்தேன். பாவத்திலும் பாதி நமக்குத்தானே.

மார்ச் 8, சனி

இந்த மாதமும் இல்லை. குளியலறையில் குழாய் ரொம்ப நேரம் ஓடியது. போன வருஷம் கரு கலைந்தபோதும் இப்படித்தான். கதவுக்கு வெளியே நின்று என்னத்தச் சொல்றது? இவ்வளவு நடந்தோமே, இவ்வளவு கீரை தின்னோமே — எதுக்கு?

மார்ச் 9, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது அம்மாவுக்குத் தெரியாது. "ஊரெல்லாம் கார் ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சா வயித்துல எப்படிடா தங்கும்? வேலையை விடச் சொல்லு."

சமையலறையில் மனைவி காய் நறுக்கும் சத்தம் நின்றது. சொல்லிவிட்டேன்: "அம்மா, குறை என்கிட்ட இருக்கு. அவ வேலையை ஒண்ணும் சொல்லாத."

"அப்ப அந்த அடுப்பை விட்டுத் தொலைடா" என்றாள்.

"விட்டாச்சும்மா."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்றாள். பலகையில் இருந்தது கேரட்.

மார்ச் 10, திங்கள்

கடையிலும் உண்மையைச் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. முதலாளியம்மா தைலத்தை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார். ஊதுகுழல் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "அந்த டாக்டர் நம்பரை எனக்கும் குடேன்" என்றான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மழை. நடை வேண்டாமே என்றேன். அவள் குடையை எடுத்துவிட்டாள். ஒரு குடை, இரண்டு பேர்; ஆளுக்கொரு தோள் நனைந்தது. கற்றுக்கொள்ள வந்த ஒருவர் பின்னோக்கி ஓட்டி ஐஸ்கிரீம் வண்டியைத் துரத்திய கதையைச் சொன்னாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். குழந்தையைப் பற்றிப் பேசவே இல்லை என்பது வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது.

அக்டோபர் 4, சனி

எழுதி ரொம்ப நாளாயிற்று. எழுதினால் கண்பட்டுவிடுமோ என்று ஒரு பயம்.

காலையில் என் நீலப் பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியது. அவ்வளவு இளைத்துவிட்டேன். கழற்றி நாற்காலியில் போட்டேன். அவள் எடுத்து மாட்டிப் பார்த்தாள். அவளுடையது எதுவும் போன வாரத்திலிருந்து இடுப்பில் ஏறவில்லை.

"என்னங்க, பொத்தான்கூடப் போட முடியுது! இன்னும் ஒரு மாசம் ஓட்டிடலாம்."

கண்ணாடி முன் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி நின்றாள். பிறகு அதோடேயே வகுப்புக்குக் கிளம்பிவிட்டாள்.

மற்றதெல்லாம் துவைக்கக் கிடக்கிறது. நான் எதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போவேன்?