புறக்கடைத் தேர்

கரட்டுத்தோட்டம், ராசிபுரம்
தாது வருஷம் பங்குனி 28

சௌபாக்கியவதி சௌந்திரத்துக்கு மயில்சாமி எழுதிக்கொண்டது.

நானும் பிள்ளைகள் இருவரும் எருமையும் சௌக்கியம். உன் இருமல் எப்படி இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லி எழுதச் சொல். உனக்கு இதைப் படித்துக் காட்டும் ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்கு என் வணக்கம். நாலாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் அவர்கள் திருத்திப் படிக்கட்டும், சிரிக்க வேண்டாம்.

நாமக்கல் தேருக்குக் கூட்டிப் போகச் சொல்லி நல்லம்மாளும் சின்னவள் ராசுவும் மூன்று நாள் என் பிராணனை வாங்கிவிட்டார்கள். போன வருஷமாக இருந்தால் வண்டி கட்டியிருப்பேன். உனக்கு எலும்புருக்கி என்று தெரிந்த நாளிலிருந்து ஊரில் நம்மைக் கண்டால் நாலு முழம் தள்ளி நிற்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துச் சென்னியம்மாள் தன் பிள்ளைகளை நம் கிளுவை வேலி தாண்ட விடுவதில்லை. தேர்க்கூட்டத்திலும் அதே கூத்து நடந்தால் நம் பிள்ளைகள் முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? ஆகையால் தேரைப் புறக்கடைக்கே கொண்டுவந்துவிட்டேன்.

உடைந்த வண்டிப் பலகையை அடியில் வைத்து, சோளத்தட்டைக் கோபுரமாகக் கட்டி, நாலு பனங்காயைச் சக்கரமாகப் பூட்டினேன். உன் பழைய சேலைக் கிழிசல் தேரைச் சுற்றித் தொம்பையாகத் தொங்குகிறது. கிணற்றில் கவலை இறைத்து அறுந்த கயிறு வடம். அம்மிக் குழவிக்கு மஞ்சள் பூசி உள்ளே எழுந்தருளச் செய்தோம். கலசம் இல்லாத தேர் உண்டா என்று நல்லம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள், அப்படியே உன்னைப் போல. மாட்டுக் கொட்டத்துக் கூரை எரவாணத்தில் செருகியிருந்த உன் சொம்பை எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து உச்சியில் கவிழ்த்தேன். நீ தனியாகத் தண்ணீர் குடித்த அந்தச் சொம்பைத்தான் சொல்கிறேன். புதைத்துவிடு என்று ஊரார் சொன்னார்கள். உன் அண்ணன் சீராகக் கொடுத்ததை உயிரோடு நீ இருக்கும்போது மண்ணில் போட எனக்குக் கை வரவில்லை. இப்போது தங்கமாட்டம் மின்னுகிறது.

நான்தான் குதிரை. பூவரச இலைப் பீப்பியை ஊதிக்கொண்டு ராசு முன்னால் போனாள். துவைக்கிற கல், வைக்கோல் போர், எருமைக் கட்டுத்தறி, மறுபடி துவைக்கிற கல். மூன்று சுற்று சுற்றி எனக்கு மூச்சு வாங்கியது. சென்னியம்மாளின் பிள்ளைகள் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தார்கள். ராசு அவர்களைப் பார்த்து, “வடம் புடிக்க வாங்க, பொரி தாரோம்!” என்று கத்தினாள். யாரும் வரவில்லை. பிறகு மூன்று கல் கூட்டிக் கம்பஞ்சோறு பொங்கினோம். கலசத்தை இறக்கி அதிலேயே மோர் ஊற்றிக் குடித்தார்கள். காசில்லாமல் ஒரு திருவிழா முடிந்தது. இவ்வளவு சிரித்து வெகு நாளாகிறது.

கீழே செம்மண் குழைத்து அழுத்தியிருக்கும் கைகளில் பெரியது நல்லம்மாளுடையது. சின்னது ராசு. காகிதத்தைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறாள்.

ஆசீர்வாதத்துடன்,
மயில்சாமி


கரட்டுத்தோட்டம்
ஈசுவர வருஷம் ஆனி 15

மோகனூர் மச்சான் தங்கசாமி அவர்களுக்கு மயில்சாமி நமஸ்காரம்.

நல்ல சேதி எழுத இல்லை. வைகாசியிலிருந்து ராசுவுக்கு மாலையானால் உடம்பு சுடுகிறது. பீப்பி ஊத மூச்சுப் போதவில்லை. சேலத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அதே வியாதி என்றார்கள். நல்லம்மாளையும் பார்த்தார்கள், அவளுக்கு ஒன்றுமில்லை.

சொம்பில் மோர் குடித்ததைச் சொன்னேன். அதனால் இல்லை என்று டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, குழந்தை தாயாரோடு ஒரே பாயில் படுத்ததா என்று கேட்டார். மச்சான், உங்களிடம் மறைப்பானேன்? சௌந்திரத்தைக் கொட்டத்தில் தனியாகப் படுக்க வைத்திருந்த நாட்களில், உச்சிப்பொழுதில் நான் காட்டிலிருந்து வரும்போது ராசு அவள் பாய்க்குப் போக அழுதுகொண்டிருப்பாள். தள்ளிப் படு, கிட்ட வராதே என்று சௌந்திரம் விரட்டுவாள். பிறகு அழுகை நின்றுவிடும். ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். போய்ப் பிரித்திருக்க வேண்டும். இரண்டும் அணைத்துக்கொண்டு தூங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். பாய்தான் காரணம், சொம்பு இல்லை என்று டாக்டர் சொன்னார்.

இது உங்கள் தங்கைக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் வியாதிக்கு முன்னால் அதுவே அவளைக் கொன்றுவிடும். சொம்பால் வந்தது என்றுதான் சொல்லப் போகிறேன். அவளும் தேர்க் காகிதத்தைக் கேட்டுவிட்டு, அந்தச் சொம்பில் பிள்ளைகளுக்கு ஒன்றும் கொடுக்காதே, புதைத்துவிடு என்று பதறி எழுதச் சொல்லியிருந்தாள், நம்புவாள். நீங்கள் கொடுத்த சீரை நாளைக்குப் புதைக்கிறேன். அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. என் பொய்க்கு ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். அவள் கேட்டால் என்னைத் திட்டுங்கள், நன்றாகவே திட்டுங்கள்.

இன்னொன்று. அவளை அங்கே சேர்த்தவர் நீங்கள், ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் உங்கள் பேச்சைக் கேட்பார். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ராசுவுக்கும் ஒரு கட்டில் கேளுங்கள். பிழைக்க வைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. சேலத்து டாக்டர் முகத்தை நான் பார்த்துவிட்டேன்.

தங்கள்,
மயில்சாமி


கரட்டுத்தோட்டம்
ஈசுவர வருஷம் ஆடி 9

சௌபாக்கியவதி சௌந்திரத்துக்கு.

போன காகிதத்தில் ஒரு கைதானே இருந்தது, சின்னக் கை எங்கே என்று கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறாய். இரண்டு காகிதம் எழுதிக் கிழித்தேன். நர்சம்மா, இதற்கு அடுத்த வரியைப் படிக்கும்போது தயவுசெய்து அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ராசுவுக்கும் வந்துவிட்டது.

சொம்பால் வந்தது. தேருக்குக் கலசம் வைக்கிறேன் என்று எரவாணத்திலிருந்து எடுத்தவன் நான். அதில் மோர் ஊற்றிக் கொடுத்தவனும் நான். நீ என்ன செய்வாய்? நீ தள்ளியே படுத்தாய். எத்தனை தரம் விரட்டினாய் என்று என் காதால் கேட்டிருக்கிறேன். யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதே. டாக்டர்களுக்கு நம் வீட்டைப் பற்றி என்ன தெரியும்? சொம்பைப் புளியமரத்தடியில் இடுப்பளவு குழி வெட்டிப் புதைத்துவிட்டேன். உன் அண்ணனுக்கு என்மேல் கோபம். நியாயம்தான்.

நேற்று ராசு தேர் இழுக்கக் கேட்டாள். பழைய சோளத்தட்டை ஆடு தின்றுவிட்டது. புதுத் தட்டு வெட்டி, புதுப் பனங்காய் பூட்டினேன். கலசம் இல்லாமலே ஓட்டுவோம் என்றேன், நல்லம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. குழவியை இறக்கிவிட்டு ராசுவையே உள்ளே உட்கார வைத்தேன். பனங்காய் நசுங்கிவிடும் என்று பயந்தேன். நசுங்கவில்லை. ஒரு கையால் இழுத்தேன், சௌந்திரம். பாரமே தெரியவில்லை. நல்லம்மாள் பீப்பி ஊதினாள். வேலிக்கு அப்பால் பிள்ளைகள் நின்றார்கள், ராசு அவர்களைக் கூப்பிடவில்லை. ஒரு சுற்றிலேயே போதும் என்றுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை உன் அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறுகிறார். உன் பக்கத்துக் கட்டில் கிடைத்திருக்கிறது. நானே வந்திருப்பேன். நல்லம்மாளை ஒரு நாள் பார்த்துக்கொள்ள இந்த ஊரில் ஒரு வீடு இல்லை. உன்னைப் பார்க்காமலே இருந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதை எழுதி என்ன ஆகப்போகிறது?

அவளுக்குப் பயமில்லை. “அம்மாகிட்டப் படுத்துக்கலாமா அய்யா?” என்று மட்டும் கேட்டாள். “படுத்துக்கலாஞ் சாமி, இனி யாரும் வையமாட்டாங்க” என்றேன். அதைக் கேட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா? வேலியோரம் போய், தான் அம்மாவிடம் போகப் போவதாகச் சென்னியம்மாளின் பிள்ளைகளிடம் பெருமையடித்துவிட்டு வந்தாள்.

உங்கள் கட்டடத்துக்குப் பின்னால் மரமும் கொஞ்சம் இடமும் இருந்தால், மூன்று கல்லை வைத்துச் சோறு பொங்குகிற மாதிரி விளையாட்டுக் காட்டு. பூவரச இலை கிடைத்தால் நீயே பீப்பி செய்து ஊது, அவளை ஊத விடாதே. ஒரே கட்டிலில் படுக்கக் கூடாது என்று நர்சம்மா சொன்னால், நான் காலில் விழுந்து கேட்டதாகச் சொல்.

உன்னையும் அவளையும் கடவுள் காப்பாற்றட்டும். எனக்காக ஒன்று மட்டும் செய். ராசு வந்ததும் தள்ளிப் படு என்று சொல்லாதே.

உன்,
மயில்சாமி

கீழே இருப்பது நல்லம்மாள் கை. பக்கத்தில் இடம் விட்டிருக்கிறாள். ராசு வந்ததும் அங்கே கை வைக்கச் சொல்லி, திருப்பி அனுப்பு.