ஊர்காவற்றுறை மண்டபத்துச் சரவிளக்குகள்

என் மகளின் அப்பாவுக்கு,

மண்டபத்துச் சரவிளக்குகள் எரிகின்றன. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஊர்காவற்றுறைக் கடலோரத்தில் புதிதாக வந்திருக்கும் ஹொட்டலின் கலியாண மண்டபத்துக்கு விளக்குகள் எடுத்துக் கொடுத்தது எங்கள் கடைதான். "உம்மாலை ஏலாது, கடையைப் பூட்டும்" என்று லண்டனிலிருந்து சொன்னீர்களே, அதே கடை.

ஹொட்டல் முதலாளிக்குப் பிடித்தது, கொழும்பு வியாபாரி ஒருவர் காட்டிய பொன்முலாம் பூசிய இரும்பு விளக்கு. உப்புக் காற்றுக்கு அது நிற்காது என்றேன், அவர் நம்பவில்லை. அந்த விளக்கில் ஒரு கிளையையும் என் பித்தளை விளக்கில் ஒரு கிளையையும் நயினாதீவுக்குப் போய்வரும் படகின் கூரையில் கட்டிவிட்டேன். மாரி முழுக்க இரண்டும் கடல் தண்ணீரில் நனைந்தன. தைப்பொங்கல் முடிந்ததும் அவிழ்த்துக் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைத்தேன். இரும்பு, மேசை விரிப்பில் துருவைக் கொட்டியது. என்னுடையது கறுத்துப்போய்க் கிடந்தது. அவர் அதைத் துணியால் தேய்த்துப் பார்த்தார், மினுங்கியது.

"அக்கா, உங்கடை விளக்கையே எடுப்பம்" என்றார்.

அந்த மண்டபத்தின் முதல் கலியாணம் நேற்று நடந்தது. மணப்பெண் எங்கள் மகள்.

தாரை வார்க்கும் நேரம் ஐயர், "தகப்பன் வரேல்லையெண்டால் சித்தப்பா வரட்டும்" என்றார். உங்கள் தம்பி சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மகள் நிமிர்ந்து மேலே கையைக் காட்டினாள்.

"ஐயா, இந்த விளக்கெல்லாம் தூக்கினது என்ரை அம்மா. என்னைத் தாரை வார்க்க அவவாலை ஏலாதோ?"

ஐயர் செம்பை என் கையில் தந்தார்.

இப்படிக்கு,
விளக்குக் கடைக்காரி